கிராம்புப் பாகு

“கட்டின புருஷனுக்கு நீயே ஊத்திக் குடுக்குறியாமே?”

செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே முருகையன் கேட்டுவிட்டான்.

தங்கை கலைமதி அடுப்படியிலிருந்து நிமிர்ந்தாள். “வாண்ணா. இப்பிடி நனைஞ்சிட்டியே, தலையத் துவட்டு மொதல்ல.”

“தலை கெடக்கட்டும். பக்கத்து வூட்டு அம்சவள்ளி போன்ல சொன்னது நெஜமா, பொய்யா?”

அடுப்பில் வெல்லப் பாகு கொதித்துக்கொண்டிருந்தது. பட்டை, கிராம்பு, இஞ்சி, ஆரஞ்சுத் தோல் எல்லாம் அதில் புரண்டன. ஐப்பசி மழையில் வீடே பிரியாணிக் கடையாக மணந்தது. பக்கத்தில் ரம் பாட்டில். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

தங்கை புருஷன் தேவா, பாண்டிச்சேரி ஓட்டல் பாரில் காக்டெயில் கலக்கியவன். ஊருக்கெல்லாம் ஊற்றிக் கொடுத்தானே தவிர, அவன் ஒரு வாய் குடித்ததில்லை. சுனாமி வந்த மறுமாசம் அவர்களுடைய ஒரே மகளைக் காய்ச்சல் கொண்டுபோனது. அவன் வேலையை விட்டான், பாட்டிலைப் பிடித்தான். கலைமதி சுவரைப் பார்த்துப் படுத்தவள் படுத்தவள்தான். போன தடவை வந்தபோது அண்ணனிடம்கூட ஒரு வார்த்தை பேசவில்லை.

இப்போது தேவாவுக்கு மரக்காணம் உப்பளத்தில் காவல் வேலை. ஈரல் கெட்டுப்போச்சு, இனி குடித்தால் உயிருக்கு ஆபத்து என்று டாக்டரும் சொல்லிவிட்டார்.

“பெத்த புள்ளையப் பறிகொடுத்த. இப்ப தாலியையும் நீயே அறுத்துக்கப் போறியா? துணிமணிய எடு. நம்ம கிளியனூருக்கே போயிடலாம்.”

கலைமதி வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “அந்த பாட்டில மோந்து பாருண்ணா.”

மோந்தான். ஒரு நெடியும் இல்லை.

“கருக்கின சர்க்கரத் தண்ணி. டாக்டரு சொன்ன அன்னைக்கே படுக்கைய வுட்டு எழுந்துட்டேன். ‘கடைக்குப் போவாத, வூட்லயே குடி, நான் கலந்து தர்றேன்’னு சொன்னேன். மழைக் காலத்துல பார்ல வெள்ளக்காரங்களுக்குக் கலக்குவாங்களாம், இந்தப் பாகு, ரம்மு, எலுமிச்சஞ்சாறு, சுடுதண்ணி. அவருதான் சொல்லிக் குடுத்தாரு. நான் ரம்ம மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக் கொறச்சேன். இப்ப சுத்தமாவே இல்ல.”

“அவனுக்குத் தெரியலியா?”

“கிராம்புக் காரத்துல என்னா தெரியும்? வாசனைக்கு டம்ளர் வெளிம்புல மட்டும் ஒரு சொட்டு நெஜ ரம்மு தடவிடுவேன்.”

முருகையன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். குடிகாரனை ஏமாற்றுவதில் பாவமில்லை. கெட்டிக்காரி, தங்கை.

பொழுது சாயும்போது தேவா வந்தான். மச்சானைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, “என்னம்மா, ரெடியா?” என்றான்.

அவள் டம்ளரை நீட்டிவிட்டு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் ஒரே மூச்சில் குடித்தான். கொஞ்ச நேரத்தில் நாக்கு குழறியது. எழுந்தவன் நிலைப்படியில் முட்டிக்கொண்டான்.

“கண்ணு எங்க போச்சு? நெத்தி புடைச்சுப்போச்சு பாரு! ஒக்காரு, தோசை ஊத்துறேன். ரெண்டாச்சும் வாயில வைக்காம வுட மாட்டேன்” என்று பொரிந்து தள்ளினாள் கலைமதி.

சர்க்கரைத் தண்ணிக்கே இந்த ஆட்டமா என்று முருகையன் வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டான்.

பஸ் ஏற்றிவிட தேவாவும் கூட வந்தான். வாசலில் நின்று கலைமதி, “அண்ணன் தோளப் புடிச்சிக்க, உப்புப் பாத்திப் பக்கம் வுழுந்துடாத” என்று கத்தினாள். அவனும் தள்ளாடிக்கொண்டே தோளைப் பிடித்தான்.

வளைவு திரும்பி வீடு மறைந்தது. தோளிலிருந்து கை விலகியது. தேவாவின் நடை நூல் பிடித்த மாதிரி நேராயிற்று.

முருகையன் நின்றுவிட்டான். “மாப்ள?”

“பயந்துட்டீங்களா மச்சான்? இத்தன வருஷம் பார்ல கலக்குனவன் நானு. ரம்மு இருக்குதா இல்லியான்னு என் நாக்குக்குத் தெரியாதா?”

“அப்ப… தெரிஞ்சுதான் குடிக்கிறீங்களா?”

“அவ கொறச்ச மொத நாளே தெரிஞ்சிடுச்சு. டம்ளர வீசி எறியத்தான் கைய ஓங்குனேன். அவ என் மூஞ்சியவே பாத்துனு நின்னா, கண்டுபுடிச்சிடுவேனோன்னு. புள்ள போனப்புறம் அவ என் மூஞ்சிய நேராப் பாத்ததே அன்னைக்குத்தான் மச்சான். எப்பிடி எறியறது? குடிச்சிட்டேன். வெளியிலயும் தொடறதில்ல.”

“ஊரே உங்களக் குடிகாரன்னு பேசுது. நானும் என்னென்னவோ நெனச்சிட்டேன்.”

“பேசட்டும்.”

“அவகிட்டயாவது சொல்லிடுங்க மாப்ள. எவ்ளோ சந்தோஷப்படுவா!”

உப்புக் குவியல்களை மூடிய கீற்றின் மேல் மறுபடி தூறல் விழ ஆரம்பித்தது. தேவா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

“நான் திருந்திட்டேன்னு தெரிஞ்சா, நாளைக்கு அவ எதுக்கு மச்சான் எழுந்திருப்பா?”