இளகாத துண்டு

“தப்பு என்னோடதுதாம்மா.” நெடுஞ்சாலைத் துறையின் கோட்டப் பொறியாளர் வாங்கி வந்த ஆப்பிள் பையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் நோயாளியாகக் கிடந்த நர்ஸ், தன் முழங்காலுக்குக் கீழே போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தைப் பார்க்காமலிருக்க அவர் படும் பாட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்தில் நின்ற அவளுடைய அக்காவுக்கு வேலை அவரிடம்தான். சாலைக்குப் போடும் தாரைச் சோதிக்கும் கூடம் அவள் பொறுப்பு.

“உங்க அக்கா அன்னிக்கே தலையால அடிச்சுக்கிட்டா. நான்தான் காதுல வாங்கல,” என்றார் அவர்.

அது உண்மைதான். சரிவுச் சாலை போடும்போது அக்கா மன்றாடினாள். “லோடு லாரியெல்லாம் ஊர்ந்து ஏறுற இடம் சார். முப்பது கிரேடு தார் போட்டா இந்த வெயிலுக்கு வெண்ணெய் மாதிரி இளகிடும். நாற்பதுதான் கெட்டி. அதுதான் நிக்கும்.”

“நாற்பதுன்னா இன்னும் சூடாக் காய்ச்சணும், ஆறுறதுக்குள்ள ரோலர் விடணும். மந்திரி திறக்க வர்ற நேரத்துல நடக்கிற காரியமா இது?” என்று அவர் தட்டிக் கழித்தார். அவள் விடாமல் நச்சரித்ததால், தண்ணீர்த் தொட்டி வளைவில் ஒரே ஒரு துண்டுக்கு மட்டும் தலையாட்டினார். அவள் வாயை அடைக்க.

கோடை வந்தது. வளைவு கல் மாதிரி நின்றது. அதற்குக் கீழே சாலை இளகி, லாரிச் சக்கரங்கள் வாய்க்கால் வெட்டிவிட்டன. டூட்டி முடிந்து ஸ்கூட்டரில் இறங்கி வந்த தங்கை, அந்தப் பள்ளத்தில் சக்கரம் மாட்டி, எதிரே ஏறிய லாரியின் முன்னால் விழுந்தாள்.

நினைவு திரும்பியதும் அவள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “உன் ரோட்டுல விழலக்கா. உன் ரோடு முடிஞ்ச இடத்துல விழுந்தேன்.”

“நீங்க கேஸ் போட்டது நியாயம்,” என்றார் பொறியாளர். “என் பொண்ணுக்கு இப்படி ஆகியிருந்தா நானும் போட்டிருப்பேன்.”

தங்கை அப்போதுதான் வாயைத் திறந்தாள். “கோர்ட்டுல வேற மாதிரி சொல்லியிருக்கீங்களே சார். இந்த வருஷ வெயிலுக்கு உலகத்துல எந்தத் தாரும் தாங்காதுன்னு.”

“வக்கீல் எழுதினதும்மா. மனசுல வச்சுக்காதே.” ஒருவழியாக ஆப்பிள் பையை ஜன்னல் திண்டில் வைத்தார். “கோர்ட் அனுப்புற நிபுணர் அடுத்த வாரம் ரோட்டைச் சோதிக்க வராரு. அதுவரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு இருக்க மனசு வரல. நாளைக்கே அந்தச் சரிவுக்குத் தாரைச் சுரண்டி எடுக்கிற மெஷின் அனுப்புறேன். இன்னொரு வீட்டுப் பொண்ணு விழக் கூடாது.”

“அவர் வந்து பாக்கறதுக்கு முன்னாடியேவா சார்?” என்று அக்கா தயங்கினாள்.

“பள்ளத்தையெல்லாம் அளந்து, போட்டோ எடுத்து, கோர்ட்டுல குடுத்தாச்சே. கேஸுக்கு ஒரு குறையும் வராது.” வாசல் வரை போனவர் திரும்பினார். “உன் துண்டு எங்க ஆரம்பிச்சு எங்க முடியுது?”

“தொட்டிச் சுவத்துல இருந்து பாலத்துக் கைப்பிடி வரைக்கும் சார்.” இவ்வளவுக்குப் பிறகும் அதைச் சொல்லும்போது அவளுக்குள் ஒரு சின்னப் பெருமை எட்டிப் பார்த்தது.

அவர் போனதும் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “மனுஷன் மாறிட்டாருடி.”

“மாறட்டும். அந்தப் பள்ளத்தைத் தோண்டி எடுக்கும்போது ஒரு போட்டோ எடுத்து அனுப்புக்கா,” என்றாள் தங்கை. “அது இல்லாம போறதைப் பாக்கணும் எனக்கு.”

மறுநாள் காலையில் அக்கா சரிவின் அடியில் பஸ்ஸை விட்டு இறங்கினாள். போனைக் கையில் தயாராக வைத்துக்கொண்டு மேலே நடந்தாள்.

பள்ளங்கள் இருந்த இடத்தில் அப்படியே இருந்தன. ஓர் ஆளையும் காணோம். மெஷினின் இரைச்சல் மட்டும் மேலே வளைவுப் பக்கத்திலிருந்து வந்தது.

அவள் நடையை எட்டிப் போட்டாள். பிறகு ஓடினாள்.

பாலத்துக் கைப்பிடியிலிருந்து தொட்டிச் சுவர் வரைக்கும் சாலை இல்லை. வெறும் ஜல்லிதான் கிடந்தது. மெஷின் கடைசி ஓரத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தது. பெயர்த்த கறுப்புத் தூளை நிறைத்துக்கொண்ட லாரி கிளம்பத் தயாராக உறுமியது.

“நிறுத்துப்பா! ஐயோ, நிறுத்து!” அவள் மெஷினுக்குக் குறுக்கே போய் நின்றாள். “தப்பான இடத்தைத் தோண்டிட்டியே! பள்ளமெல்லாம் கீழேல்ல இருக்கு!”

டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தான்.

“பெரிய சார் நல்லா இருக்கிறதை மட்டும்தான் எடுக்கச் சொன்னாரு மேடம்.”