காய் வேண்டாம்

"பழமா அனுப்பினா கூழாத்தான் போய்ச் சேரும் மேடம். வெயில் போடுற போடு தெரியும்ல?"

போனில் மாந்தோப்புக்காரர் கெஞ்சாத குறை.

டிரைவிங் ஸ்கூல்காரி அசரவில்லை. மேஜை விசிறியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"பரவாயில்ல. பழுத்ததாவே போடுங்க."

அவர் எல்லோருக்கும் காயாகத்தான் பறித்து அனுப்புகிறாராம். வைக்கோலில் கிடந்து, போகிற வழியிலேயே பழுத்துவிடுமாம். இந்தக் கோடை முழுக்க ஒருவர்கூடக் குறை சொன்னதில்லையாம்.

"பெட்டியில ஒரு காய்கூட இருக்கக் கூடாது, அண்ணே."

"அப்புறம் என்னைத் திட்டக் கூடாது."

"உங்களை யாரு திட்டப் போறா? திட்டு எனக்குத்தான் வரும்."

ஏதோ பரிசு வரப்போவதுபோல அதைச் சொன்னாள்.

பெட்டி போக வேண்டிய விலாசம் தங்கையுடையது. இருவரும் பேசி மூன்று வருஷம் ஆகிறது. எதற்காகச் சண்டை என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். அக்கா எத்தனை முறை கூப்பிட்டாலும் தங்கை போனை எடுப்பதில்லை.

இந்தப் பெட்டியைப் பார்த்தாவது அவளே கூப்பிட வேண்டும். டிரைவிங் ஸ்கூல்காரிக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

"நல்லதா நாலு பழம் போனாலாவது மனசு இளகும். அழுகினதை அனுப்பியா சமாதானம் பேசுவாங்க?" கணவர் தலையில் அடித்துக்கொண்டார். "ஊருக்கே பிரேக் போடக் கத்துக்கொடுக்கிறே. உன் பிடிவாதத்துக்கு மட்டும் பிரேக்கே கிடையாது."

"அவளை எனக்குத் தெரியும். நீங்க பேசாம வேடிக்கை பாருங்க."

பெட்டி கிளம்பியது. வெயில் கொஞ்சமும் இறங்கவில்லை. வாசலில் நிற்கும் காரின் ஸ்டியரிங்கைத் துணி சுற்றித்தான் தொட முடிந்தது. கணவர் அவ்வப்போது வானத்தைப் பார்த்து உச்சுக்கொட்டினார்.

அவள் பயிற்சிக்கு வந்தவர்களை ரிவர்ஸ் எடுக்கவைத்து விரட்டிக்கொண்டிருந்தாள்.

கடைசியில் போன் அடித்தது. திரையில் 'வாயாடி' என்று வந்தது.

தங்கைதான்.

டிரைவிங் ஸ்கூல்காரி போனைக் காதில் வைத்தாள். வாய் திறக்கவில்லை. அதற்கு இடமும் இல்லை.

"அறிவிருக்கா உனக்கு? இந்த வெயில்ல பழுத்ததையா பார்சல்ல அனுப்புவாங்க? பெட்டி முழுக்கச் சாறு ஒழுகுது. கூரியர்காரர் என்னை முறைச்சுட்டுப் போறாரு. எறும்பு மாடிப்படி ஏறிடுச்சு. இவ்வளவும் வீணு! உன்னை யாரும் கேக்குறதே இல்லையா?"

எதிரே கணவர், நான் அப்பவே சொன்னேனே என்பதுபோலக் கையை விரித்தார்.

அவள் நாற்காலியில் சாய்ந்து, சிரித்தபடி, ஒரு திட்டையும் தவறவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மூச்சு வாங்கியதும் தங்கை கேட்டாள். "காயா அனுப்பச் சொல்லியிருந்தா பத்திரமா வந்திருக்கும்ல?"

"சின்னப் பிள்ளைங்க மாதிரி மூணு வருஷமா காய் விட்டுக்கிட்டுக் கிடக்கோம். இதுல நானே பெட்டி நிறைய காய் அனுப்பட்டுமாடி?"



மறுமுனையில் மாங்கொட்டை சப்பும் சத்தம் கேட்டது.