பதின்மூன்று நாள்

"மெஷின் பொய் சொல்லுமாம்மா?"

ஒரு விடுமுறை நாளில் ரத்தப் பரிசோதனை லேபுக்கு வந்த மகள் கேட்டிருந்தாள். சொல்லாது என்று ஜெபக்கனி சொல்லியிருந்தாள்.

இன்று கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், பெஞ்சில், செண்பகவல்லி உட்கார்ந்திருந்தாள். முதல் கர்ப்பம். கண் வீங்கியிருந்தது. பக்கத்தில் மாமியார்.

"கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட்டு இல்லாம டாக்டரம்மா கலைக்க மாட்டாவளாம். வெரசா குடு தாயி. மூணு மணிக்கு பெட்டு சொல்லியிருக்காவ."

ஜெபக்கனி தாளை எடுத்தாள். நேற்றே டாக்டரம்மாவின் வாட்ஸ்அப்புக்குப் போய்விட்ட ரிப்போர்ட்; கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

கருவோடு சேர்ந்து தாயின் ரத்தத்தில் வரும் இரண்டு புரதங்கள். இந்த வாரங்களில் ஒன்று நாளுக்கு நாள் ஏறும். மற்றது இறங்கும். செண்பகவல்லிக்கு ஏற வேண்டியது ஏறவில்லை. இறங்க வேண்டியது இறங்கவில்லை. குழந்தை மூளை வளர்ச்சி குன்றிப் பிறக்க நாற்பதில் ஒரு வாய்ப்பு என்று தாள் சொன்னது.

நாற்பதில் ஒன்று. மீதி முப்பத்தொன்பதை அந்த வீட்டில் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. இது சந்தேகம் மட்டும்தான், அடுத்த பரிசோதனை இருக்கிறது என்று யாரும் உட்கார வைத்துச் சொல்லவில்லை.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வெளியே மாமியார் நிறுத்தவில்லை.

"காணும் பொங்கலுக்கு ஊரே கோயில்ல நிக்கி. இவ மட்டும் தீட்டுன்னு வீட்டுல கெடந்தா. அன்னைக்கே சாமி குறி காட்டிட்டு. அதுக்கப்புறம் தீட்டும் வரல, குளிக்கலைல்லா."

செண்பகவல்லி தரையைப் பார்த்தாள்.

ஜெபக்கனியின் கையில் பேனா நின்றது.

காணும் பொங்கல்.

ரத்தம் எடுத்த அன்று நிரப்பிய படிவத்தைத் தேடி எடுத்தாள். கடைசி மாதவிலக்கு: 3/1. ஸ்கேன் அளவு எழுதும் கட்டம் காலி.

தை மூணு என்றுதான் அந்தப் பெண் சொன்னாள். தை என்றால் ஜனவரி. கூட்டம் நெரிந்த காலையில் எழுதிய கை அதற்கு மேல் யோசிக்கவில்லை.

தை மூன்று, ஜனவரி பதினாறு.

பதின்மூன்று நாள்.

மெஷின் பொய் சொல்லவில்லை. ஜெபக்கனியின் கைதான் சொல்லியிருந்தது.

கணினியில் தேதியை மட்டும் மாற்றிப் பார்த்தாள். பன்னிரண்டு வாரம் ஆறு நாள், சரியாகப் பதினொரு வாரம் ஆனது. இரண்டு புரதங்களும் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. நாற்பதில் ஒன்று, மூவாயிரத்தில் ஒன்று ஆனது.

தாளோடு முதலாளி அறைக்குள் போனாள். அவர் சாப்பிடக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

முழுவதையும் கேட்டார். வண்டிச் சாவியைச் சுழற்றிக்கொண்டே கேட்டார்.

"ஜெபக்கனி, போன ரிப்போர்ட் போனதுதான். நாமளே தப்புன்னு எழுதிக் குடுத்தா நாளைக்கு இந்த ஊர்ல எவன் வருவான்?"

"சார், ஒரு பிள்ளை சார்."

"சந்தேகம் இருந்தா டாக்டர் பாத்துக்கட்டும். மாத்தி அனுப்புனா நாளைலேருந்து நீ வராண்டாம்."

அவருக்குப் பின்னால் கதவு மூடியது.

மேஜை மேல் இருந்த கண்ணாடி பேப்பர்வெயிட்டைத் தூக்கி அந்தக் கதவில் எறிய வேண்டும் போலிருந்தது. அந்த மாமியாரைத் தோளைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. எல்லாவற்றுக்கும் முன்னால் 3/1 என்று எழுதிய விரல்களை மடக்கி ஒடிக்க வேண்டும் போலிருந்தது.

அவள் தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள்.

கோபத்தோடு தட்டினால் இன்னொரு எண் தவறும். கண்ணை மூடி, "ஆண்டவரே" என்றாள். மெதுவாகத் தட்டினாள். ஒவ்வொரு எண்ணையும் இரண்டு முறை பார்த்தாள்.

கீழே குறிப்பு என்ற இடத்தில் எழுதினாள்: மாதவிலக்குத் தேதியைத் தவறாகப் பதிந்தது நான். ஸ்கேன் செய்து உறுதி செய்யவும். சா. ஜெபக்கனி.

டாக்டரம்மாவின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பினாள்.

இரண்டு டிக் குறிகளும் சாம்பல் நிறத்தில் நின்றன.

நீலமாயின.

நான்கு நிமிடம் கழித்து, பெஞ்சில் மாமியாரின் போன் அடித்தது.

"ஆமா டாக்டரம்மா... என்னது?... இன்னைக்கு வேண்டாமா?"

செண்பகவல்லி எழுந்து நின்றுவிட்டாள்.

"தேதிய மாத்திக் கணக்கு போட்டுட்டாவளாம் ஏட்டி. பிள்ளைக்கு ஒண்ணும் இருக்காதுங்காவ. நாளைக்கு ஸ்கேன் பாக்கணுமாம்." போனை இடுப்பில் செருகினாள். "எந்தக் கட்டையில போறவ எழுதுனாளோ! கை அழுகிப் போவ!"

செண்பகவல்லிக்கு அது காதில் விழவில்லை. சுவரில் தொங்கிய மளிகைக் கடை காலண்டரில் அம்மன் படம். அதன் முன் கைகூப்பி நின்றாள்.

"தாயே, நீதான். நீ மட்டுந்தான்."

அழுகையும் சிரிப்புமாய் அந்தக் குரல் கண்ணாடியைத் தாண்டி வந்தது.

உள்ளே ஜெபக்கனி கேட்டாள். திட்டு சரியான விலாசத்துக்குத்தான் வந்திருக்கிறது. நன்றியும் போக வேண்டிய இடத்துக்கே போயிருக்கிறது.

பழைய தாளை நான்காகக் கிழித்தாள்.

வெள்ளைக் கோட்டைக் கழற்றி, மடித்து, நாற்காலியின் மேல் வைத்தாள். அதன் பையில் இருந்த இரண்டு பேனாக்களை எடுத்து மேஜையில் வைத்தாள். திறக்காத டிபன் பாக்ஸைப் பையில் போட்டாள்.

வெளியே வந்தபோது செண்பகவல்லி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்துச் சிரித்தாள்.

"சாப்பிடப் போறியளாக்கா?"

"ஆமாம்மா" என்றாள்.