எந்தத் தேதியில அளந்தீங்க?

"பேசத் தெரிஞ்சவன் எதுக்குடா செங்கல்லைக் கட்டி அழணும்..."

வக்கீலின் சீனியர் அடிக்கடி இப்படி ஒன்று சொல்வார். பின்பாதியும் ஏதோ உண்டு. எவ்வளவு யோசித்தும் வக்கீலுக்கு ஞாபகம் வரவில்லை. முன்பாதியே போதும் என்று மகனிடம் சொல்லிப் பார்த்தார்.

மகன் லேப்டாப்பை வெறித்துக்கொண்டிருந்தான். சட்டம், இன்ஜினியரிங் இரண்டிலும் இடம் கிடைத்திருந்தது. ஐந்து மணிக்குள் ஒன்றை உறுதி செய்தாக வேண்டும். இப்போதே நாலே முக்கால்.

"காலையில 'லா'ன்னே. மத்தியானம் இன்ஜினியரிங்ன்னே. இப்ப என்ன?"

"லாதான்னு நினைக்கிறேன்ப்பா."

"நினைக்காதே. அமுக்கு."

"ஒரு சந்தேகம்..."

வக்கீல் தலையில் கைவைத்துக்கொண்டார். ஊரார் வழக்கெல்லாம் முடிகிறது, வீட்டு வழக்குதான் வாய்தாவிலேயே ஓடுகிறது.

"கேட்டுத் தொலை."

"இன்னிக்கு ஜெயிச்சீங்களே, அந்த நாலு மாடிக் கட்டடம். தூண்ல விரிசல் இருக்கு, ஆளைக் குடிவைக்கக் கூடாதுன்னு ஒரு இன்ஜினியர் ரிப்போர்ட் கொடுத்தாரே, அவர் சொன்னது தப்பா?"

"தப்புன்னு நான் எங்கேடா சொன்னேன்? விரிசலை எந்தத் தேதியில அளந்தீங்கன்னு கேட்டேன். மனுஷன் எழுதி வைக்கலை, முழிக்கிறார். ரிப்போர்ட் செல்லாதுன்னு தீர்ப்பு. முப்பது வருஷ சர்வீஸ், ஒரு கேள்விக்குத் தாங்கலை. அதுதான் லா. புரியுதா?"

"புரியுது."

"புரிஞ்சா அமுக்கேன்டா. திரையையே பாத்துட்டு உக்காந்திருக்கே, அது என்ன குஞ்சு பொரிக்குமா?"

போன் அடித்தது. கட்டடத்தின் முதலாளி. அவர் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"சார், உங்க புண்ணியத்துல அடுத்த வாரமே இருபது குடும்பம் குடிவருது. மூணாவது மாடியில ஒரு வீடு உங்களுக்கு, என் அன்பளிப்பு. மறுக்கக் கூடாது."

வக்கீல் குழைந்தார். "உங்க மனசே போதும் சார். எங்களுக்கு இந்த வீடே பழகிப் போச்சு."

போனை வைத்துவிட்டுச் சிரித்தார்.

"நல்ல அன்பளிப்பு போ. அந்தத் தூணை நம்பி உங்கம்மாவைக் குடிவைப்பேனா?"

கடிகாரம் நாலு ஐம்பத்தெட்டு காட்டியது. சிரிப்பு போய் மறுபடி எரிச்சல் வந்தது.

"இன்னும் ரெண்டே நிமிஷம். அமுக்கித் தொலையேன்டா."

மகன் இன்ஜினியரிங்கை அமுக்கினான்.