மிஞ்சும் சோறு

“நான் என்ன விஷத்தையா கலக்குறேன், மேடம்?”

அகப்பையைப் பாத்திர விளிம்பில் ஓங்கித் தட்டிவிட்டுக் கேட்டார் சமையற்காரம்மா. உலையின் ஆவியில் அவருடைய மூக்குக்கண்ணாடி மங்கியிருந்தது. அதைத் துடைக்கக்கூட மனமில்லாமல் நின்றார்.

“விஷம்னு யாரும்மா சொன்னது? ருசி இல்லன்னுதான் புகார்ல எழுதியிருக்காங்க” என்றார் ஆய்வாளர்.

“எழுதினவங்க ஒரு வாய் தின்னு பாத்தாங்களா?”

பள்ளிகளின் மதிய உணவைக் கண்காணிப்பது ஆய்வாளருடைய வேலை. ஒரே ஊரில் இரண்டு பெண்கள் பள்ளிகள். ஒரே கிடங்கிலிருந்து, ஒரே வண்டியில்தான் இரண்டுக்கும் அரிசி, பருப்பு, கீரை, முட்டை எல்லாம் போகிறது. இன்று அவர்கள் நிற்கும் இந்தப் பள்ளியில் நாலே மாதத்தில் பிள்ளைகள் ஆளுக்கு இரண்டு கிலோ ஏறியிருந்தார்கள். சமையற்காரம்மா வழக்கமாக வேலை பார்க்கும் அந்தப் பள்ளியிலோ எடை முள் நகர்ந்தபாடில்லை. போன மாதம் இரண்டு பேர் வகுப்பிலேயே மயங்கி விழுந்தார்கள். அப்படியும் தினமும் இரண்டு வாளி சோறு மிஞ்சி, மாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

“ஆடத் தெரியாதவ மேடை கோணல்னுதான் சொல்லுவா. அந்தம்மாவை நிறுத்திட்டு வேற ஆளப் போடுங்க” என்று மேலதிகாரி முடித்துவிட்டார். உத்தரவு தயார். ஆய்வாளரின் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

அவருக்குத்தான் மனசு ஒப்பவில்லை. பசி ருசி அறியாது என்பார்களே! மயங்கி விழும் அளவுக்குப் பசித்திருக்கும் பிள்ளை, தட்டை ஏன் தள்ளிவிட வேண்டும்? எடைக்கருவிதான் பொய் சொல்கிறதோ என்று சொந்தக் கருவியைத் தூக்கிக்கொண்டு போய் நிறுத்துப் பார்த்தார். வித்தியாசமே இல்லை. குடிதண்ணீரைச் சோதித்தார். குறையில்லை. பூச்சி மாத்திரையும் இரண்டு பள்ளியிலும் ஒரே நாளில்தான் கொடுத்திருந்தார்கள். கடைசியில் ஒரு யோசனை தோன்றியது. ஒரு நாளைக்கு மட்டும் இரண்டு சமையற்காரர்களையும் இடம் மாற்றிப் பார்த்தால் என்ன?

அந்த நாள்தான் இன்று.

மணி அடித்தது. தட்டுகள் கலகலக்கப் பிள்ளைகள் வரிசைக்கு வந்தார்கள். முதல் பிள்ளை ஒரு வாய் எடுத்து வைக்கும்வரை சமையற்காரம்மா அடுத்த தட்டில் பரிமாறவில்லை.

“இன்னும் கொஞ்சம் கீரை வைங்க” என்றது அந்தப் பிள்ளை.

அரை மணி நேரத்தில் பாத்திரத்தின் அடி தெரிந்தது. சமையற்காரம்மா ஆய்வாளரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், கழிவு வாளியைக் காட்டினார்.

“ஒரு பருக்கை இருக்கா? கண்ணால பாத்துக்கங்க மேடம்!”

“பருப்பு அமிர்தம்னு பேசிக்கிறாங்க பிள்ளைங்க” என்று சிரித்தார் இந்தப் பள்ளியின் தலைமையாசிரியை. “எங்க சமையலம்மா காதுல மட்டும் போட்டுடாதீங்க. கரண்டியோட வந்து நிப்பாங்க.”

அப்போது ஆய்வாளரின் கைபேசி அடித்தது. அந்தப் பள்ளியிலிருந்து.

“நீங்க அனுப்பின கைராசிக்காரம்மா வந்தும் இங்க அதே கதைதான் மேடம். சுளையா ரெண்டு வாளி!”

அரிசியில் குற்றமில்லை. தண்ணீரில் இல்லை. சமைக்கிற கையிலும் இல்லை. பிறகு எதில்தான்?

“ஒருவேளை, அந்தப் பிள்ளைங்க வாகே அப்படியோ என்னமோ” என்று இழுத்தார் தலைமையாசிரியை.

பேச்சு முடியவில்லை. ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி தட்டோடு ஓடிவந்தாள்.

“பெரியம்மா! நீங்க எப்படி இங்க?”

“அடியே, நீயா!” சமையற்காரம்மா அவள் கன்னத்தை வழித்தார். “ஆளே அடையாளம் தெரியலயே!”

“இவ அங்கேருந்து மாறி வந்தவ” என்றார் தலைமையாசிரியை. “மூணு மாசமாச்சு. வந்தப்ப ஊதினா பறந்துடுவா. இப்ப மூணாவது தடவையா வாங்க வந்திருக்கா பாருங்க.”

“அங்க நாலு வாய்க்கு மேல இவ தின்னு நான் பாத்ததே இல்ல மேடம்!”

ஆய்வாளர் அந்தப் பெண்ணைப் பெஞ்சில் உட்கார வைத்து, பக்கத்தில் தானும் உட்கார்ந்தார்.

“கண்ணு, அங்கயும் இந்தப் பெரியம்மா சமையல்தானே?”

“ஆமா மேடம்.”

“பிடிக்காதா?”

“ரொம்பப் பிடிக்கும்.”

“அப்ப பசிக்காதா?”

“பயங்கரமாப் பசிக்கும்!”

“அப்புறம் ஏம்மா சாப்பிடல? உன் கூட்டாளிங்க ஏன் இன்னிக்கும் சாப்பிடல?”

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு ஆய்வாளரின் காதருகே சாய்ந்து, யாருக்கும் கேட்காதபடி சொன்னாள்:

“வயிறு ரொம்பினா பாத்ரூம் போகணும்ல மேடம்... அங்க பாத்ரூமுக்குக் கதவே இல்லையே.”