பாட்டிலின் பின்பக்கம்

அன்று அந்தக் கோவொர்க்கிங் கூடத்தில் ஐந்து பேர் இருந்தார்கள். மேஜைகளை வாடகைக்கு விட்டு நடத்தும் மேனேஜரம்மா, கடைகளுக்குக் கணக்கு எழுதும் கணக்கர், மொழிபெயர்க்கும் பெண், இரண்டு டிசைனர்கள்.

டிசைனர்களில் மூத்தவர் எல்லோருக்கும் அக்கா. இளையவனுக்கு வைத்த பெயர் ஹெட்போன். காதிலிருந்து அவன் அதை எடுத்து யாரும் பார்த்ததில்லை.

"எல்லாரும் ஒரு நிமிஷம் இங்க பாருங்க," என்றார் மேனேஜரம்மா. "நம்ம தெருக்கோடியில தரை துடைக்கிற லிக்விட் தயாரிக்கிற கம்பெனி இருக்கே, அங்க பேசிட்டேன். லேபிளை மாத்தப் போறாங்களாம். இத்தனை நாள் ஏதோ வெளிநாட்டு ஏஜென்சிகிட்ட கொடுத்திருக்காங்க. பக்கத்துலேயே ஆள் இருக்கும்போது எதுக்கு சார் கடல் தாண்டிப் போறீங்கன்னு கேட்டேன். நாளைக்கு டிசைனருங்களை வரச் சொல்லிட்டாங்க."

கையிலிருந்த பாட்டிலை மேஜைமேல் வைத்தார்.

ஹெட்போன் அதைப் பார்த்தான். "நான் வரலை மேடம்."

"ஏம்ப்பா?"

"வரலை. அக்கா போகட்டும்."

கணக்கருக்குப் பொறுக்கவில்லை. "துரைக்கு உள்ளூர்க் கம்பெனின்னா இளப்பம். வெளிநாட்டுக் காசுன்னாத்தான் கை அசையும்!"

மொழிபெயர்க்கும் பெண் சிரித்தாள். அவன் திரும்பிக்கொண்டான்.

அக்காவுக்கு உள்ளுக்குள் நிம்மதிதான். போட்டி இல்லை. குழந்தை பிறந்தபோது விட்ட தொழிலை இப்போதுதான் மறுபடி பிடித்திருந்தார். இன்னும் ஒரு வேலைகூட அமையவில்லை. இந்த மாதத்தோடு மேஜையை விட்டுவிடுவதாக வீட்டில் சொல்லியும் ஆயிற்று.

சாயங்காலம் பாட்டிலை உருட்டி உருட்டிப் பார்த்தார். "நல்லாத்தானே இருக்கு. இதுல போய் என்ன குறை சொல்றது?"

ஹெட்போன் காதிலிருந்ததைக் கழற்றினான்.

"பின்பக்கம் பாருங்கக்கா. ஒரு வாளித் தண்ணிக்கு எத்தனை மூடி ஊத்தணும்னு போட்டிருக்கு. படிங்க."

"கண்ணாடி போட்டுக்கூடத் தெரியலையே!"

"ஈரக்கையோட நிக்கிறவங்க கண்ணாடிக்கு எங்க போவாங்க? அது முன்பக்கம் வரணும், பெரிசா வரணும். அப்புறம், பாட்டில் இடுப்பு வளையற இடத்துல பாருங்க, கடைசி எழுத்து மறைஞ்சு போகுது. இந்த நீலத்து மேல இவ்வளவு மெல்லிசா வெள்ளை எழுத்து வச்சா, அச்சுல மசி ஊறி மொழுக்குன்னு ஆயிடும்."

"ஒரு பார்வையில இவ்வளவு கண்டுபிடிச்சுட்டியே!"

அவன் ஹெட்போனை மறுபடி மாட்டிக்கொண்டான்.

மறுநாள் அக்கா சாக்லெட் டப்பாவோடு வந்தார்.

"கிடைச்சிடுச்சு! இனிமே எல்லா பாட்டிலும் நம்மகிட்டதான். ஏஜென்சியை நிறுத்தறாங்களாம்." நேராக ஹெட்போனிடம் போனார். "நீ சொன்னதை அப்படியே ஒப்பிச்சேன் தம்பி. என் பங்குக்கும் ஒண்ணு எடுத்து விட்டேன். 'இதைச் செஞ்ச ஆளு தூங்கிக்கிட்டே செஞ்சிருப்பான் சார்'னு. விழுந்து விழுந்து சிரிச்சாங்க!"

அவனும் சிரித்தான். "நல்லா சொன்னீங்கக்கா."

ஒரு சாக்லெட் எடுத்துக்கொண்டான்.

அந்த வாரக் கடைசியில் அவன் வயர்களைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தான்.

"என்ன, கிளம்பியாச்சா? நாங்கல்லாம் துரைக்குச் சரிப்படலையோ?" என்றார் கணக்கர்.

"இங்க வேலை முடிஞ்சிடுச்சு சார்."

"கொடுத்து வச்சவன்யா! நாம வேலை தேடி அலையறோம், இவனுக்கு வேலை முடியுதாம்."

போகும்போது அக்காவிடம் மட்டும் தலையசைத்துவிட்டுப் போனான்.

திங்கட்கிழமை கம்பெனி மேலாளர் அக்காவுக்குப் போன் செய்தார்.

"ஒரு விஷயம் கேளுங்கம்மா. எழுத்து விவகாரத்துக்காக ஏஜென்சிக்காரனைப் பிடிச்சுச் சத்தம் போட்டேன். கோபத்துல உளறிட்டான். பழைய லேபிளைச் செஞ்சது அவன் ஆளே இல்லையாம். உங்க கூடத்துல உட்கார்ந்திருக்கிற ஒரு டிசைனராம்!"

அக்கா நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நேரா எங்ககிட்ட வேலை கேட்கக் கூடாதுன்னு அவர்கிட்ட முன்னாடியே கையெழுத்து வாங்கிட்டானாம். எழுத்தைப் பெரிசு பண்ணணும்னு அவர் சொல்லிச் சொல்லிப் பார்த்திருக்கார். இவன் அதை எங்க காதுக்கே கொண்டு வரலை. அம்மா, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன் சார்."

"நாம வேற அவரை வச்சுச் சிரிச்சுட்டோம். நான் அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசணும். அங்க மொத்தம் எத்தனை டிசைனர் இருக்கீங்க?"

அக்கா ஹெட்போன் இருந்த மேஜையைப் பார்த்தார். சுத்தமாகத் துடைத்து வைத்திருந்தார்கள்.

"ஒருத்திதான் சார்."