இலைக் கிளிப்

கத்திரி வெயிலில் மணிபிளான்ட் கருகியதிலிருந்து என் கணவர் திவாகருக்கு அதுதான் குடும்பம். இலையில் மாட்டியிருக்கும் கிளிப் செடியின் மனசைப் படித்து அவர் போனுக்குச் சொல்லும். 'தாகம்' என்றால் போதும், ஆபீஸிலிருந்து ஓடி வருவார். கருகிய இலைகளைக் கத்தரித்து, நிழலுக்கு நகர்த்தி, "இப்ப தேவலையா கண்ணு?" என்று கொஞ்சுவார். என்னை ஒருநாளாவது அப்படிக் கேட்டிருப்பாரா?

இன்று எனக்குக் காய்ச்சல். வயிற்றெரிச்சலில் அந்தக் கிளிப்பைப் பிடுங்கி என் விரலில் மாட்டிக்கொண்டு படுத்தேன்.

மனுஷன் மூச்சிரைக்க வந்தார். "உடம்பு கொதிக்குதாம், தனியா இருக்காம்!" என்றபடி என்னைத் தாண்டிப் பால்கனிக்கு ஓடினார். அங்கே அது புதுத் துளிரோடு நின்றது.

"கிளிப் எங்க?"

விரலைக் காட்டினேன்.

"அப்பாடா, செடிக்கு ஒண்ணுமில்ல!" என்று சிரித்துக்கொண்டே கிளிப்பைக் கழற்றிக்கொண்டு போனார்.